கதைக்குள் ஒரு சாமியைக் குடிவைப்பது எப்படி?

என் முதல் ஃபேன்டசி நாவலில் ஒரு சாமி இருந்தார். பேரொளிநாதர் என்று பெயர். அண்டம் தோன்றியது, ஒளிக்கும் இருளுக்கும் சண்டை வந்தது, அதில் இவர் எப்படி ஜெயித்தார் என்று 6 பக்கத்துக்கு அவருடைய வரலாறு. அவரால் முடியாதது எதுவுமே கிடையாது. 31ஆம் அத்தியாயத்தில் நாயகி சாகக் கிடக்கும்போது வானத்தைப் பிளந்துகொண்டு வந்து காப்பாற்றினார். எழுதி முடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. படித்துப் பார்த்த நண்பர் கேட்டது ஒரே கேள்வி: "இவ்வளவு முடியும்னா மூணாம் அத்தியாயத்துலயே வந்திருக்கலாமே, அதுவரைக்கும் எங்க போயிருந்தார்?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வரைவில் பேரொளிநாதரை மொத்தமாகத் தூக்கிப் பார்த்தேன். கதையில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா யாரிடமோ போனில் எங்கள் குலசாமி கோயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தக் கிழமை போக வேண்டும், என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும், பூசாரிக்கு எவ்வளவு கொடுப்பது, கேட்டால் எத்தனை நாளில் நடக்கும், நடந்த பிறகு என்ன செய்ய மறந்துவிடக் கூடாது. ஐந்து நிமிஷப் பேச்சில் அந்தச் சாமி எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. அது எப்படித் தோன்றியது, எவ்வளவு சக்தி என்றெல்லாம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பேரொளிநாதரைப் பற்றி இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட என்னால் பதில் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரை முதல் ஃபேன்டசி எழுதப் போகிறவர்களுக்கு. எனக்குப் போன மூன்று வருஷம் உங்களுக்கும் போக வேண்டாம். உதாரணத்துக்கு என் இப்போதைய நாவலில் வரும் உப்பாயி என்ற உப்பளத்துச் சாமியை வைத்துச் சொல்கிறேன். முழுக்க நான் உண்டாக்கியது, எங்கேயும் தேடாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

80 பக்க நோட்டு ஒன்று. கதை எழுதும் நோட்டு வேறு, சாமி நோட்டு வேறு, இரண்டையும் கலக்காதீர்கள். வரைபடத்துக்கு ஒரு சார்ட் தாள். போன வருஷத்துத் தினசரி காலண்டர் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உலகத்துக்கு வேறு மாதங்கள், வேறு பருவங்கள் போட நினைத்தாலும், எதை மாற்றுகிறோம் என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். இவ்வளவும் 100 ரூபாய்க்குப் பக்கத்தில் முடிந்துவிடும்.

அப்புறம் ஒரு பயணம். விழா இல்லாத நாளாகப் பார்த்து, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு சின்னக் கோயிலுக்குப் போய் பூசாரியோடு அரை மணி நேரம் உட்காருங்கள். விழா நாளில் போனால் ஒருவரும் பேச மாட்டார்கள். கேட்காமல் போனில் பதிவு செய்யாதீர்கள்.

நேரம்தான் பெரிய செலவு. வரைவு தொடங்கும் முன் உப்பாயிக்கு மட்டும் எனக்கு 7 வாரம் ஆனது. அதில் 3 வாரம் கீழே வரும் மூன்றாம் படிக்கே போய்விட்டது.

1. எல்லையைப் போடுங்கள்

சார்ட் தாளை விரித்து, உங்கள் சாமியின் அதிகாரம் எங்கே முடிகிறது என்று ஒரு கோடு இழுங்கள். "எங்கும் நிறைந்தவர்" என்று எழுதினால் தாளை மடித்து வைத்துவிட்டுத் தத்துவக் கட்டுரை எழுதப் போய்விடலாம். கதைக்கு அவர் ஆகமாட்டார்.

நம்மிடம் இதற்குப் பழைய பழக்கம் உண்டு. தொல்காப்பியத்திலேயே காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஊர் எல்லையிலோ கண்மாய்க் கரையிலோ அய்யனார் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவர் காவல் காக்கிற இடம் எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊர்த் திருட்டு அவர் பொறுப்பில் வராது.

கோட்டைக் கிலோமீட்டரில் போடாமல் ஏதாவது ஒரு பொருளை வைத்துப் போட்டால் கதைக்கு இன்னும் லாபம். உப்பாயியின் எல்லை, கிணற்றுத் தண்ணீர் கரிக்கிற இடம்வரை. இதை எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: கோடையில் கிணறுகள் கரிக்கக் கரிக்க அவள் எல்லை ஊருக்குள் நகரும். ஐப்பசி மழையில் தண்ணீர் இனிக்க ஆரம்பித்தால் கடற்கரைக்குச் சுருங்கிவிடும். நான் திட்டமிட்டது இல்லை, கோடு தானாகக் கொடுத்தது. கடன்காரன் ஒருவன் ஊருக்குள் நுழைவதற்கு முன் எல்லைக் கிணற்றில் ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிற காட்சி இந்த ஒரு கோட்டிலிருந்து வந்ததுதான். ஆகும் நேரம்: ஒரு மாலைப்பொழுது.

2. முடியாதவற்றின் பட்டியல்

நோட்டின் முதல் பக்கத்தில் சாமியால் என்னென்ன முடியும் என்று எழுத கை பரபரக்கும். எழுதாதீர்கள். அந்தப் பக்கம் முழுக்க முடியாதவற்றுக்கு. குறைந்தது 7 வேண்டும். முதல் மூன்று சுலபமாக வரும், அதெல்லாம் நீங்கள் எங்கேயோ படித்தது. ஐந்தாவதிலிருந்துதான் சொந்தச் சரக்கு.

லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் 2001இல் எழுதிய 'தி கர்ஸ் ஆஃப் சாலியன்' நாவலில் ஐந்து கடவுள்கள் உண்டு. உயிரின் மீது அவ்வளவு ஆதிக்கம் உள்ளவர்கள். ஆனால் ஒரு மனிதன் தன் விருப்பத்தோடு வழிவிட்டால் ஒழிய இந்தப் பொருளுலகில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஒரு தடைதான் மொத்த நாவலையும் தாங்குகிறது. "முன்னாடியே வந்திருக்கலாமே" என்ற என் நண்பரின் கேள்வியை அங்கே யாரும் கேட்க முடியாது.

நம் பக்கத்தில் சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். மதுரை எரிகிறது. அந்த நகரத்தின் காவல் தெய்வம் மதுராபதி வருகிறாள். வந்தவளுக்குக் கண்ணகியின் முன்னால் நிற்க முடியவில்லை. பின்னால் வந்து நின்றுகொண்டு, நான் சொல்வதைக் கொஞ்சம் கேள் என்கிறாள். தன் ஊர் எரிகிறபோது ஊர்ச்சாமியால் செய்ய முடிந்தது விளக்கம் சொல்வது மட்டும்தான். முகத்தைப் பார்க்கத் துணியாமல் பின்னால் நிற்கிற அந்த இடம் எனக்கு எப்போது படித்தாலும் புல்லரிக்கும். சாமி சிறுத்துப்போகவில்லை, எதிரில் நிற்கிறவளின் கோபம் எவ்வளவு பெரிது என்று அதை வைத்துத்தான் தெரிகிறது.

உப்பாயியின் பட்டியலில் இப்போது 9 இருக்கிறது. கொல்ல முடியாது. மழையில் எதுவும் செய்ய முடியாது. யார் சொல்வது உண்மை என்று அவளுக்குத் தெரியாது. யார் யாருடைய உப்பைத் தின்றார்கள் என்று மட்டும் தெரியும். ஒரு தடவை செய்ததை அவளாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. இந்தக் கடைசித் தடை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முடியும் என்பதற்கு ஒரே வரிதான்: வாங்கிய கடனை இல்லை என்று சொன்னவனுக்கு நாக்கில் சுவை போய்விடும். அவ்வளவுதான். ஒரு நாவலுக்கு இதுவே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

3. மனு எப்படிப் போகும்?

இதுதான் முக்கியமான படி. நான் படித்த பல கையெழுத்துப் பிரதிகள் (என்னுடையது உட்பட) விழுந்த இடமும் இதுதான். நாயகன் கண்ணை மூடி வேண்டிக்கொள்வான், சாமி கேட்டுவிடும். அங்கே கதைக்கு வேலையே இல்லை. கேட்கிறவன் எங்கேயாவது நடந்து போக வேண்டும், எதையாவது எழுத வேண்டும் அல்லது கட்ட வேண்டும், யாராவது அதை வாங்கிக்கொள்ள வேண்டும், வழியில் தப்பு நடக்க இடம் இருக்க வேண்டும்.

மாதிரிக்கு ஒரு கோயிலைச் சொல்கிறேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். முருகன்தான், ஆனால் உருவம் கிடையாது, பலிபீடக் கல் வடிவம். அங்கே பிராது கட்டுவது என்று ஒரு வழக்கம். களவு போனது, கொடுத்த பணம் திரும்பாதது, குடும்பத் தகராறு, எதுவானாலும் வெள்ளைத் தாளில் மனுவாக எழுத வேண்டும். பெயர், ஊர், குறை என்ன எல்லாம் வேண்டும். அது சாமியின் காலடியில் வைக்கப்பட்டு, பிறகு முனியப்பர் சன்னிதியில் கட்டப்படும். கட்டணம் உண்டு. அதோடு, மனு போட்டவரின் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்துப் படிப்பணமும் கட்ட வேண்டும். சாமி விசாரணைக்குப் போய்வர வேண்டாமா! அப்புறம், காரியம் நடந்துவிட்டால் மறுபடி வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்.

ஃபேன்டசி எழுதுகிறவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? உருவமில்லாத சாமி, அதற்கு எழுத்துப்பூர்வமான மனு, பயணப்படி, வழக்கை வாபஸ் வாங்கத் தனி நடைமுறை. இதில் எந்தக் கண்ணியைத் தொட்டாலும் ஒரு கதை விழும். ஊரைப் பொய்யாகச் சொல்லிப் படிப்பணத்தைக் குறைத்துக் கட்டியவன் என்ன ஆனான்? ராஜினாமா எழுத வேண்டியவர் செத்துப்போய்விட்டால் வழக்கு யார் தலையில்? உத்தராகண்டில் அல்மோராவுக்குப் பக்கத்தில் கோலு தேவதா கோயிலிலும் நியாயம் கேட்டு முத்திரைத்தாளில்கூட எழுதித் தொங்கவிடுகிறார்கள். ஆகக் காகிதத்தை மதிக்கிற சாமி நமக்கு மட்டும் சொந்தம் இல்லை.

அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியையும் பார்த்துவிடுங்கள். சந்தனம் அப்பிய மூடிய கதவுதான் சாமி. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது அவர் போட்டுக்கொண்டு போகிற நகைகளின் பட்டியலைக் கருப்பன் முன்னால் வாசிப்பார்கள், திரும்பி வந்ததும் சரிபார்ப்பார்கள். காவல்காரச் சாமியிடம் பெரிய சாமி கணக்குக் காட்டிவிட்டுப் போகிறார். சாமிகளுக்கு இடையே உறவு எப்படி இருக்கும் என்று நான் 6 பக்கம் வரலாறு எழுதித் தவித்தது இந்த ஒரு பட்டியலில் முடிந்துவிடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு மனு புறப்படுவது முதல் முடிகிறவரை எத்தனை கை மாறுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். குறைந்தது 4 கை. ஒவ்வொரு கையிலும் என்ன தப்பு நடக்கலாம் என்று பக்கத்தில் குறியுங்கள். அப்படியே காப்பியடிக்க வேண்டாம். கோயில் உண்மையானது, அங்கே போகிறவர்களின் கஷ்டமும் உண்மையானது. அந்த ஒழுங்கை மட்டும் கற்றுக்கொண்டு, உங்கள் நிலத்துக்கு ஏற்ற பொருளில் செய்யுங்கள்.

உப்பாயிக்குக் காகிதம் சரிப்படவில்லை. இரண்டு வாரம் பனையோலை, பானை ஓடு என்று சுற்றிவிட்டு, உப்பு விளைகிற பாத்திக்கே வந்தேன். உப்புநீர் விடும் முன்னால் பாத்தியின் ஈரத்தரையில் குச்சியால் மனுவை எழுத வேண்டும். மேலே நீர் விட்டு, வெயிலில் வற்றி, எழுத்தின் மேல் உப்பு பூக்கும். உப்பை வாரும்போது அடியில் எழுத்து தெரியக் கூடாது. தெரியவில்லை என்றால் அவள் எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். கதையில் வரும் முதல் மனு இது:

"கிழக்குப் பாத்தி உப்பாயிக்கு நடுத்தெரு செல்லக்கனி எழுதிக்கொண்டது. என் தம்பி முத்தையா போன ஆவணியில் என்னிடம் எடுத்த 9 மூட்டைக்குப் பணம் தரவில்லை. மூட்டையே எடுக்கவில்லை என்கிறான். அவன் என் கையால் சோறு தின்னவன். நீதான் கேக்கணும்."

இதை எழுதிய அன்றைக்குத்தான் நாவல் நகர ஆரம்பித்தது.

4. விலை, அதைக் கொடுப்பது யார்?

பொற்காசு, ரத்தத் துளி, ஆயுளில் ஒரு வருஷம். இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். படிக்கிறவனுக்கு இவை உறைப்பதில்லை. ஆயுளில் ஒரு வருஷம் போனால் கதாபாத்திரத்துக்கு இன்றைக்கு என்ன குறைந்தது? ஒன்றுமில்லை.

நல்ல விலை தினமும் உறுத்தும், வீட்டில் இருக்கிற மற்றவர்களையும் இழுக்கும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் விழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. செலவென்று பார்த்தால் ஒரு மஞ்சள் கயிறு. ஆனால் வெளியூரில் வேலை பார்ப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய விலை என்று அவன் முதலாளியிடம் கேட்டால் தெரியும்.

உப்பாயியிடம் மனு போட்டவர் வழக்கு முடிகிறவரை உப்பில்லாமல் சாப்பிட வேண்டும். முதல் வரைவில் செல்லக்கனி மட்டும் தனித்தட்டில் சாப்பிட்டாள். பரிதாபமாக இருந்ததே ஒழியக் கதையாக இல்லை. பிறகு, ஒரே அடுப்பு என்றால் வீடு முழுவதற்கும் அதே விதி என்று மாற்றினேன். இப்போது மாமியார் மூன்றாம் நாள் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுகிறாள். "உன் தம்பி தின்ன உப்புக்கு நான் ஏண்டி பத்தியம் கெடக்கணும்?" சின்னப் பையன் யாருக்கும் தெரியாமல் வாசல் மதில்மேல் காய்ந்திருக்கும் உப்புப் பொருக்கை நக்குகிறான். அவன் நக்கியது மனுவைக் கெடுக்குமா கெடுக்காதா என்று செல்லக்கனிக்குத் தெரியாது. அந்த ராத்திரி அவள் தூங்கவில்லை.

விலையை யோசிக்கும்போதே சாமிக்கு அது ஏன் வேண்டும் என்றும் எழுதி வையுங்கள். டெர்ரி பிராட்செட்டின் 'ஸ்மால் காட்ஸ்' (1992) நாவலில் பெரிய மதம் ஒன்றின் கடவுள் ஆமையாகக் கிடப்பார். கோயில் கூட்டம் நிறைய, உண்மையாக நம்புகிறவன் ஒரே ஒருவன். அவருக்கு என்ன தேவை என்று நமக்கு விளக்கவே வேண்டாம். உங்கள் சாமிக்கும் ஏதாவது ஒரு பசி இருக்கட்டும். உப்பாயிக்கு என்ன பசி என்று எனக்குத் தெரியும், நாவலில் சொல்லப் போவதில்லை. நோட்டில் இருந்தால் போதும்.

5. எத்தனை நாள்?

கேட்டவுடன் நடந்தால் அது ஏ.டி.எம். நாள் போடுங்கள். கொளஞ்சியப்பர் பிராதுக்கு 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று சொல்வார்கள். இந்த மூன்று கெடுவும் கதைக்கு அற்புதமான படிக்கட்டு. மூன்றாம் நாள் காத்திருக்கிறவனும் மூன்றாம் மாதம் காத்திருக்கிறவனும் ஒரே ஆள் இல்லை.

பதில் செலுத்தவும் நாள் ஆக வேண்டும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்குப் புரவியெடுப்பு, அதாவது மண்குதிரை செலுத்தும் விழா, நடத்த வேண்டும் என்றால் முதலில் குதிரை செய்கிற வேளாரிடம் பிடிமண் கொடுக்க வேண்டும். ஒரு பிடி மண்ணைக் கொடுத்துவிட்டால் ஊர் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது. அதற்கப்புறம் மண் பிசைந்து, குதிரை செய்து, காய்ந்து, சூளையில் வெந்து, தோளில் தூக்கிக்கொண்டு போகிறவரை யாரும் பின்வாங்க முடியாது. அந்த இடைவெளியில் ஊர் இரண்டாகப் பிரிந்தால்? உங்கள் காலண்டரை எடுத்து மனு நாள், கெடு, செலுத்தும் நாள் மூன்றையும் குறித்துவிட்டு, நடுவில் கதையின் மோசமான சம்பவத்தைப் போடுங்கள்.

பருவத்தையும் கவனியுங்கள். நான் முதலில் செல்லக்கனியின் மனுவைக் கார்த்திகையில் வைத்திருந்தேன். கார்த்திகையில் பாத்தியில் உப்பு ஏது? தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எட்டு அத்தியாயத்தை மாசிக்கு மாற்ற 11 நாள் ஆனது.

6. நடுவில் நிற்கும் ஆள்

சாமியாடி, கோடாங்கி, பூசாரி, யாரோ ஒருவர் வேண்டும். அவர் தப்புச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். சாமி சரியாகவே இருக்கும், சொல்கிறவர் தவறாகக் கேட்டிருப்பார்.

நற்றிணை 34ஆம் பாட்டு இதற்குப் பாடப்புத்தகம். காதலால் பெண் மெலிந்துபோகிறாள். முருகன் பிடித்திருக்கிறான் என்று நினைத்து, முருகனின் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துகிறார்கள். முருகனும் வந்துவிடுகிறான். தோழி அவனைப் பார்த்துச் சொல்கிறாள்: இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று உனக்கே தெரியும், இருந்தும் வேலன் கூப்பிட்டான் என்று மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாயே, நீ சாமியாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் அறிவில்லாதவன்தான். கடைசியில் வாழ்த்தும் உண்டு! தவறாகக் கூப்பிடப்பட்ட சாமி, கூப்பிட்ட மரியாதைக்கு வந்து நின்று திட்டு வாங்குகிறது. உங்கள் சாமியை இப்படி ஒருத்தி நேருக்கு நேர் திட்டுகிற காட்சி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது இன்னும் ஆளாகவில்லை.

7. சாமி எப்படிப் பேசும்?

குறைவாக. "மானிடா! அறிவாயாக!" என்று ஆரம்பித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். சாமி வந்து ஆடுகிறவர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஊர்ப்பேச்சு, பாதி வாக்கியம், கேள்விக்கு வேறு கேள்வி. உப்பாயிக்கு நாவல் முழுவதற்கும் 14 வாக்கியம் ஒதுக்கியிருக்கிறேன். இதுவரை 5 செலவாகியிருக்கிறது.

8. பெயர்

இதில் அதிக நேரம் போகாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நிஜமான குலசாமிகளின் பெயரையும் கதையையும் எடுத்துக் கற்பனைக்கு மாற்றாதீர்கள். நம் ஊர்ச்சாமிகளில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் கொல்லப்பட்ட மனிதர்கள். அவர்களுக்கு இன்றைக்கும் பொங்கல் வைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. உங்களுக்கு அது கதைக்கரு, அவர்களுக்கு வீட்டுச் சாவு. தோன்றிய பெயரை ஊர்க்காரர்கள் நாலு பேரிடம் சொல்லி, அப்படி ஒரு சாமி எங்கேயாவது இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். என் முதல் இரண்டு பெயர்களை அப்படித்தான் கைவிட்டேன்.

9. மூன்று மனு போட்டுப் பாருங்கள்

நாவல் தொடங்கும் முன் சாமிக்கு மூன்று மனு எழுதுங்கள். ஒன்று நியாயமானது. இன்னொன்று பொய். மூன்றாவது நியாயமானது, ஆனால் நடந்தால் மனு போட்டவருக்கே கெடுதல். மூன்றையும் மேலே சொன்ன எல்லை, தடை, கை மாறுதல், விலை, கெடு எல்லாவற்றின் வழியாகவும் நடத்திப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 பக்கம் போதும். ஒரு வாரம் ஆகும். எங்கேயாவது நீங்களே புது விதி ஒன்றைச் செருகிச் சாமியைக் காப்பாற்ற வேண்டி வந்தால் அந்தப் படிக்குத் திரும்பிப் போக வேண்டும். நடுவில் புது விதி வருவதைத்தான் வாசகர்கள் மன்னிப்பதில்லை.

நான் நியாயமான மனு என்று நினைத்து எழுதிய செல்லக்கனியின் மனுவே மூன்றாவது வகையாகிவிட்டது. முத்தையாவுக்குச் சுவை போனது. அவன் பிழைப்புக்குப் பெரிய வீடு ஒன்றில் சமையல்காரன். சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சமையல்காரனை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? எட்டாம் நாள் வேலை போனது. வேலை போனவன் 9 மூட்டைப் பணத்தை எதிலிருந்து கொடுப்பான்? உப்பாயியால் தானாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, அது இரண்டாம் படியில் நானே எழுதியது. செல்லக்கனிதான் அதே பாத்தியில் நின்று ஒரு பிடி உப்பைக் கடலில் விட்டு மனுவைத் திரும்பப் பெற வேண்டும்.

நானோ, கதை விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று, அவளை ஆறாம் அத்தியாயத்திலேயே மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு மலைப்பக்கம் போக வைத்துவிட்டேன். கிணறு இனிக்கிற ஊர். அங்கே உப்பாயியின் பேச்சு எட்டாது, தம்பியின் நிலைமை தெரியாது, உப்புப் போட்ட சோறும் கிடைக்கிறது. இப்போது 19ஆம் அத்தியாயம், கதையில் புரட்டாசி பிறந்துவிட்டது. மழைக்கு இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை. அதற்குள் யாராவது மலையேறிப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மாமியாரை அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.